ஓட்டோ கியர் இடிக்கிறதா? பெட்டியைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கந்தப்பளையிலிருந்து ஒரு தம்பி கேட்டது இது. 2012ஆம் வருஷத்து டீசல் டபள் கெப், 5 கியர் ஓட்டோ (கிளச் மிதிக்காமல் கியர் தானாக மாறுகிற வகை), 1,80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மரக்கறி ஏற்றிக்கொண்டு றம்பொடை வழியாகக் கண்டிக்கும் தம்புள்ளைக்கும் போய் வருகிறார். காலையில் எடுத்தவுடன் 1இலிருந்து 2க்கு மாறும்போது முதுகில் குத்தியது போல ஒரு இடி. உர மூட்டையோடு திரும்பி மேலே ஏறும்போது வளைவுகளில் கியர் மாறி மாறி விழுகிறது. சில நேரம் என்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி இழுப்பதில்லை. பிரேக் பிடித்து நின்ற பிறகு பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். காட்டிய இடத்தில், "கியர் பெட்டி முடிந்துவிட்டது, ரீகண்டிஷன் பெட்டி ஒன்று எடுத்துப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டார்களாம். என்ன செய்வது என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னதில் மூன்று வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்த்ததால்தான் பெட்டி முடிந்துவிட்டது என்ற தீர்ப்பு வந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால் ஒன்று பெட்டிக்குச் சம்பந்தமே இல்லாதது, ஒன்று பாதி இயல்பானது, மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் ஐந்து வருஷம் இருக்கிற வண்டியைக் காப்பாற்றித்தான் எல்லோரும் பிழைத்தோம். அந்தக் காலத்தில் கழற்றத் தேவையில்லாத பெட்டிகள் எத்தனையோ கழற்றப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். ஒரு போகத்து லீக்ஸும் கரட்டும் விற்ற காசு அப்படியே போய்விடும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சுலபமானதிலிருந்து தொடங்குவோம். நின்ற பிறகு வரும் 'டொக்'. வண்டி முழுக்க நின்று ஒரு கணம் கழித்து, யாரோ பின்னாலிருந்து மெல்ல முட்டியது போல இருக்கிறதா? அப்படியென்றால் முதலில் புரொப்பலர் ஷாஃப்டை, அதாவது பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டைப் பாருங்கள். பிக்கப் வண்டிகளில் பின் அச்சு பட்டை ஸ்பிரிங்கில் மேலும் கீழும் ஆடும்போது, கியர் பெட்டிக்கும் பின் அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷலுக்கும் உள்ள தூரம் கொஞ்சம் கூடிக் குறையும். அதற்காகத்தான் ஷாஃப்டில் ஒரு பல் பல்லான குழாய் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். அதில் கிரீஸ் காய்ந்துவிட்டால் வழுக்க வேண்டியது பிடித்துக்கொள்ளும். பிரேக்கில் பின்பக்கம் தூக்கி, நின்றதும் இறங்கும்போது பிடியை விட்டு 'டொக்' என்று அடிக்கும். கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருந்தால் கிரீஸ் கன் வைத்து அடியுங்கள். இல்லாவிட்டால் கழற்றித் துடைத்துப் பூசிப் போட வேண்டும். கழற்றும் முன் இரண்டு பக்கத்திலும் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள், மாற்றிப் பொருத்தினால் ஷாஃப்ட் அதிரும். கையோடு யுனிவர்சல் ஜொயின்ட் குறுக்கையும் நடு பெயரிங்கையும் ஆட்டிப் பாருங்கள். ஸ்பிரிங்கின் யூ போல்ட் தளர்ந்திருந்தாலும் இதே சத்தம் வரும். ஒரு காலை நேர வேலை, அவ்வளவுதான்.

இன்னொரு சோதனையையும் அதே நாளில் செய்துவிடலாம். பொனட்டைத் திறந்துவைத்து, டயர்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, பிரேக்கை அழுத்தி மிதித்தபடி ஒருவர் உள்ளே இருந்து 'டி'க்கும் (முன்னோக்கி) 'ஆர்'க்கும் (பின்னோக்கி) மாற்றட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று என்ஜினைப் பாருங்கள். வண்டிக்கு முன்னால் நிற்கவே வேண்டாம். என்ஜின் ஒரு பக்கமாக நன்றாக எழும்பி விழுந்தால் அதைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறது. கிழிந்த மவுண்ட்டோடு ஓடுகிற வண்டியில் நல்ல கியர் மாற்றமும் இடியாகத்தான் தெரியும்.

காலை இடி இரண்டாவது. நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி படிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தக் குளிரில் பெட்டிக்குள் இருக்கும் ஒயில் தடித்து நிற்கும். ஓட்டோ பெட்டியில் கியரை மாற்றுவது அந்த ஒயிலின் அழுத்தம்தான். தடித்த ஒயில் மெதுவாக வந்து, பிறகு ஒரேயடியாகப் பிடிக்கும். அதனால் முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் தாமதம், கொஞ்சம் முரட்டுத்தனம் இருப்பது வழக்கம். கம்ப்யூட்டரும் ஒயில் சூடாகும் வரை மேல் கியருக்குப் போக விடாமல் பிடித்து வைத்திருக்கும். ஸ்டார்ட் செய்து, ஆர்.பி.எம். ஊசி கீழே இறங்கிய பிறகு 'டி'யில் போடுங்கள். முதல் கொஞ்சத் தூரம் மெதுவாகப் போங்கள். ஐடில் உயரமாக இருக்கும்போதே கியர் போட்டால் புதுப் பெட்டிகூட இடிக்கும். இரண்டு கிலோமீட்டர் தாண்டியும் இடி அப்படியே இருந்தால் அது குளிரால் வந்தது இல்லை. மூன்றாவது விஷயத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது.

சரி, மூன்றாவது. ஏற்றத்தில் கியர் மாறி மாறி விழுவதும் என்ஜின் கத்துவதும் ஒன்றல்ல. பாரத்தோடு 'டி'யில் ஏறும்போது 4க்கும் 3க்கும் இடையில் பெட்டி அலைவது கோளாறு கிடையாது. 4இல் போட்டால் இழுவை போதவில்லை, 3இல் போட்டால் என்ஜின் வேகம் கூடுகிறது, கம்ப்யூட்டர் இரண்டுக்கும் நடுவில் அல்லாடுகிறது. நீங்களே 3இல் நிறுத்திவிட்டால் அலைச்சல் நின்றுவிடும். ஓவர்டிரைவ் (மேல் கியர்) பொத்தான் உள்ள பழைய வண்டியில் அதை ஓஃப் செய்தால் போதும். ஆனால் என்ஜின் கத்தி வண்டி இழுக்காமல் இருப்பது வழுக்கல். அதுதான் பெட்டியைத் தின்னும்.

ஏன் என்று புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். கொழுந்து மூட்டையை ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாற்றுவதை நினைத்துப் பாருங்கள். முதல் ஆள் சீக்கிரம் விட்டால் மூட்டை நழுவும். விட வேண்டிய நேரத்தில் விடாமல் பிடித்திருந்தால் இரண்டு பேரும் தடுமாறுவார்கள். பெட்டிக்குள் இரண்டு கிளச் அடுக்குகள் அப்படித்தான் பாரத்தைக் கைமாற்றிக்கொள்கின்றன. ஒன்று சீக்கிரம் விட்டால் என்ஜின் கத்தும்; தாமதமாக விட்டால் இடிக்கும். அந்தக் கணக்கை நடத்துவது வால்வ் பொடியும் (ஒயிலைப் பிரித்து அனுப்பும் துளைத் தட்டு) சொலனொயிட்களும் (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வுகள்). அவற்றுக்குக் கை கால் எல்லாம் ஒயில்தான். ஒயில் குறைந்தாலும், கூடினாலும், கெட்டாலும், மாறினாலும் கைமாற்றம் பிசகும்.

உங்கள் வண்டி ஏற்றத்திலும் வளைவிலும்தான் வழுக்குகிறது, சமதரையில் இல்லை என்றால் ஒயில் மட்டம் குறைவு என்பதுதான் என் முதல் சந்தேகம். மூக்கு மேலே தூக்கி நிற்கும்போது பெட்டியின் அடியில் உள்ள பானில், அதாவது ஒயில் தட்டில் இருக்கும் ஒயில் பின்னால் ஓடிவிடும். கூர் வளைவில் ஒரு பக்கம் ஒதுங்கும். பம்ப் அந்த நேரம் ஒயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும், அழுத்தம் விழும், கிளச் வழுக்கும்.

இங்கே நம் மலைநாட்டுக்கே உரிய ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஒயில் மட்டம் பார்க்கச் சமதரை வேண்டும், நமக்கு அது கிடைப்பதே அரிது. சில வருஷங்களுக்கு முன் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு கெப் என்னிடம் வந்தது. இதே மாதிரி வழுக்கலும் இடியும்தான். அதற்கு முன் பார்த்தவர்கள் சாய்வான முற்றத்தில், மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தி ஒயில் அளக்கும் ஸ்டிக்கைப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் குறைவாகக் காட்டியது, ஒவ்வொரு தடவையும் ஊற்றினார்கள். நான் பெட்ரோல் ஷெட் தரையில் நிறுத்தி ஸ்டிக்கை உருவினேன். சிவப்பு ஒயில் சோப்பு நுரை மாதிரி குமிழ் குமிழாக, மேல் கோட்டையும் தாண்டி இரண்டு விரல் உயரத்துக்கு ஒட்டியிருந்தது. பெட்டியின் மேலே உள்ள காற்றுக் குழாய் வழியாக ஒயில் வழிந்து புகைக் குழாயில் சொட்டிக் கருகிய வாடை. கூடின ஒயிலைச் சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு அழுத்தம் தாங்காது. கிட்டத்தட்ட இரண்டு லீற்றர் இறக்கினேன். அதற்குப் பிறகு அந்த வண்டி இடிக்கவில்லை. அந்த ஓனருக்கும் பெட்டி மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

அதனால் மட்டம் பார்க்கும் முறையை ஒழுங்காகச் சொல்கிறேன். ஸ்டிக் உள்ள வண்டியில் முதலில் 20 நிமிஷமாவது ஓட்டி ஒயிலைச் சூடாக்குங்கள். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜின் ஓடிக்கொண்டே இருக்க, காலைப் பிரேக்கில் வைத்தபடி லீவரை 'பி'யிலிருந்து (பார்க்) கடைசி வரை ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, திரும்ப 'பி'க்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்து, சூட்டுக்கான கோட்டில் பாருங்கள். சில தயாரிப்பாளர்கள் வேறு மாதிரி சொல்வார்கள், வண்டியின் கைநூலில் இருப்பதே முடிவு. ஸ்டிக் இல்லாத வண்டிகள் இப்போது அதிகம். அவற்றில் பானில் ஒரு மட்டத் திருகு இருக்கும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் ஒயில் சூடு ஏறத்தாழ 40 பாகை வரும்போது, என்ஜின் ஓட, அந்தத் திருகைத் திறந்தால் மெல்லிய நூலாகச் சொட்ட வேண்டும். வாகனத்தை ஒரு பக்கம் மட்டும் ஜாக்கில் தூக்கி இதைச் செய்தால் கணக்குத் தப்பும். நாலு டயரும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்.

மட்டம் சரியென்றால் ஒயிலின் முகத்தைப் பாருங்கள். ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டில் ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிஷம் வையுங்கள். நல்ல ஒயில் இளஞ்சிவப்பாகப் பரவும், நடுவில் ஒன்றும் தங்காது. பழுப்பாகிப் பரவினால் வயதாகிவிட்டது, மாற்ற வேண்டும். நடுவில் கறுப்புப் பொட்டாக நின்று, முகர்ந்தால் கருகிய மணம் அடித்தால் கிளச் தட்டின் பூச்சு எரிந்து ஒயிலில் கலந்திருக்கிறது. ஸ்ட்ரோபெரி பால் நிறத்தில் இருந்தால் அந்த நிமிஷமே என்ஜினை நிறுத்துங்கள். பல வண்டிகளில் கியர் ஒயில் ரேடியேட்டரின் உள்ளே உள்ள சிறு குழாயில்தான் ஆறுகிறது. அது உடைந்தால் கூலன்ட் தண்ணீர் பெட்டிக்குள் போய்விடும். தண்ணீர் பட்டால் கிளச் தட்டின் பூச்சு ஊறி உரிந்து வந்துவிடும். இந்த நிலையில் இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்போம் என்று வந்தவர்களை நினைத்தால் இன்றும் மனது வலிக்கிறது. ரேடியேட்டரோடு முடிய வேண்டிய செலவு பெட்டி வரைக்கும் போனது.

உங்கள் வண்டியில் ஒயில் எப்போது மாற்றினீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லை. இவ்வளவு காலம் மாற்றாமல் ஓடியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். 'இது வாழ்நாள் ஒயில், தொடத் தேவையில்லை' என்ற பேச்சை நம்ப வேண்டாம். நுவரெலியா 1868 மீட்டர், கண்டி ஏறத்தாழ 500. ஒவ்வொரு பயணத்திலும் அவ்வளவு உயரத்தை மூட்டையோடு ஏறுகிறீர்கள். மெதுவாக, பாரத்தோடு ஏறும்போது என்ஜினையும் பெட்டியையும் ஒயிலால் இணைக்கும் டோர்க் கன்வர்ட்டருக்குள் ஒயில் கடையப்பட்டுச் சூடு ஏறும். 80, 90 பாகையில் நீண்ட காலம் தாங்கும் ஒயில் 120ஐத் தாண்டினால் வேகமாகக் கெடும். தயாரிப்பாளர்களே மலைப்பாதையையும் அதிக பாரத்தையும் கடினமான ஓட்டம் என்று தனியாகப் பிரித்து, ஒயில் மாற்றும் தூரத்தைக் குறைத்துத்தான் எழுதுகிறார்கள். நம் வீதிகளில் பாரம் ஏற்றுகிற வண்டிக்கு 40,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்பது என் கணக்கு.

எந்த ஒயில் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்று கிடையாது. டொயோட்டாவின் டபிள்யூ.எஸ்., ஃபோர்டின் மெர்கோன் எல்.வி. போன்றவை பழைய டெக்ஸ்ரோன் 3ஐ விட மெலிந்தவை. அவற்றைக் கேட்கும் பெட்டியில் பழையதை ஊற்றினால் கியர் மாற்றம் கெடும். கைநூலில் உள்ள பெயரை அப்படியே சொல்லிக் கேட்டு, சீல் உடையாத டப்பாவாக வாங்குங்கள்.

மாற்றும் விதம் பற்றி ஒரு வாதம் எப்போதும் உண்டு. மெஷின் வைத்து முழுவதையும் ஒரேயடியாகத் தள்ளி எடுப்பதா, திருகைத் திறந்து வடிப்பதா? ஒழுங்காகப் பராமரித்த வண்டிக்கு இரண்டும் சரிதான். 1,80,000 ஓடி ஒரு தடவையும் மாற்றாத வண்டிக்கு நான் மெஷின் போட மாட்டேன். எங்கெங்கோ படிந்து கிடக்கும் அழுக்கு கிளம்பிப் போய் வால்வ் பொடியின் சிறு துளைகளில் அடைக்கும் என்ற பயம் எனக்கு உண்டு. வடித்தால் பாதிகூட வராது, மிச்சம் கன்வர்ட்டருக்குள்ளேயே இருக்கும். பரவாயில்லை. வடித்து, வடித்த அளவை அளந்து அதே அளவு ஊற்றுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிவிட்டு மறுபடி. அப்புறம் இன்னொரு தடவை. மூன்று தடவையில் பெரும்பகுதி புதிதாகிவிடும்.

முதல் தடவையே பானைக் கழற்றி ஃபில்டரையும் மாற்றுங்கள். அப்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், தம்பி. பானின் அடியில் சின்னக் காந்தத் துண்டுகள் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மை போல, விரலால் தேய்த்தால் வழவழவென்று ஒரு பசை ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் குத்துகிற மாதிரி இரும்புச் சிராய், பித்தளை நிறத்தில் மினுங்கும் செதில், கறுப்பு அட்டைத் துணுக்கு கிடந்தால்தான் உள்ளே ஏதோ உடைகிறது. பெட்டி முடிந்துவிட்டது என்று சொல்பவர் இதைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். காட்டாமல் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மின்சாரப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காசு செலவழிக்கும் முன் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். வெறும் என்ஜின் ஸ்கேன் போதாது, கியர் பெட்டியின் கம்ப்யூட்டரையும் படிக்க வேண்டும். பி0715, பி0720 என்ற கோளாறு இலக்கங்கள் வந்தால் வேகம் அளக்கும் சென்சர். பி0741 கன்வர்ட்டரின் லொக் கிளச். பி0750இலிருந்து வருபவை சொலனொயிட் பக்கம். பி0730 வந்தால் கியர் விகிதம் பொருந்தவில்லை, அதாவது உண்மையாகவே வழுக்குகிறது. நம் மழைக்கும் மூடுபனிக்கும் பெட்டியின் பக்கத்தில் உள்ள வயர் சொக்கெட்டில் பச்சை பூப்பது சாதாரணம். பெட்டரி, எர்த் வயர் இரண்டையும் பார்க்காமல் சொலனொயிட் வாங்காதீர்கள். டர்போ குழாய் வெடித்திருந்தாலோ காற்று சென்சர் அழுக்கானாலோ என்ஜின் எவ்வளவு இழுக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தப்பாகத் தெரியும், அதுவும் கியர் இடியாக வரும். ஒயில் மாற்றினாலும் பெட்டரி கழற்றினாலும் சில வண்டிகளுக்குத் திரும்பக் கற்றுக்கொள்ள அவகாசம் வேண்டும். இரண்டு மூன்று நாள் நிதானமாக ஓட்டிவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஓட்டுகிற முறையில் சிலதை மாற்றத்தான் வேண்டும். லபுக்கலையிலிருந்து றம்பொடைக்கு இறங்கும்போது 'டி'யிலேயே விட்டுப் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். 3 அல்லது 2இல் பிடித்து இறங்குங்கள். 'என்'னில் (நியூட்ரல்) விட்டு உருட்டுவது டீசல் மிச்சம் என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது, பிரேக் சூடேறிக் கைவிட்டால் பிடிக்க ஒன்றுமே இருக்காது. ஏற்றத்தில் முன்னால் பஸ் நிற்கும்போது எக்ஸலரேட்டரை மிதித்து வண்டியைத் தாங்கி நிற்காதீர்கள். அந்த ஒரு நிமிஷம் ஒயில் கொதிக்கிற நிமிஷம். பிரேக்கில் நில்லுங்கள். சரிவில் நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடி 'என்'னுக்குப் போய், ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலை மெல்லத் தளர்த்தி, பாரம் ஹேண்ட் பிரேக்கில் அமர்ந்த பிறகுதான் 'பி' போட வேண்டும். நேரே 'பி' போட்டால் ஒரு டன் மரக்கறியும் வண்டியும் பெட்டிக்குள் உள்ள ஒரு சின்ன இரும்புக் கொக்கியில் தொங்கும். காலையில் லீவரை எடுக்கும்போது வரும் வெடிச் சத்தம் அதுதான். உங்கள் காலை இடியில் இதுவும் கலந்திருக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள். கை கொடுக்குமானால் முன் கிரில்லுக்குப் பின்னால் கியர் ஒயிலுக்குத் தனிக் கூலர் ஒன்று வையுங்கள். பெட்டியின் விலையோடு பார்த்தால் அது சின்னச் செலவு.

இவ்வளவும் செய்து, மூன்று தடவை ஒயில் மாற்றி, ஸ்கேனரில் பி0730 திரும்பத் திரும்ப வந்து, பானில் சிராயும் கிடந்தால், சரி, பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும். அப்போதும் முதலில் உங்கள் பெட்டியையே பிரித்துக் கிளச் தட்டும் சீலும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழைய பெட்டி எடுப்பதானால் பெட்டியின் இலக்கம், என்ஜின் வகை, 4 வீல் அமைப்பு மூன்றும் பொருந்த வேண்டும். பானைத் திறந்து காந்தத்தைப் பார்க்க விடாத பெட்டியை வாங்காதீர்கள்.

ஒன்று மட்டும் இன்றே மனதில் வையுங்கள். வழியில் வண்டி நின்றுவிட்டால் பின் டயர் தரையில் உருளக் கயிறு கட்டிக் கம்பளை வரை இழுத்துவர விடாதீர்கள். என்ஜின் ஓடாதபோது பெட்டியின் பம்ப்பும் ஓடாது, உள்ளே ஒரு சொட்டு ஒயில் ஏறாமல் எல்லாம் உராய்ந்துகொண்டே வரும். பிளாட்போர்ம் லொறியில் ஏற்றுங்கள். லொறி கிடைக்காவிட்டால் இழுக்கும் முன் புரொப்பலர் ஷாஃப்டைக் கழற்றிவிடுங்கள்; 4 வீல் வண்டியில் முன் ஷாஃப்டையும் சேர்த்து.